வாவிக்கரையில் உளநலப் பணி – 7: தாதியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்கள்

தாதியர் பயிற்சிப் பள்ளியின் வாசலை மிதித்திராத ஒருவர், இலக்கியமோ சமூகவியலோ கணக்கியலோ படித்த ஒருவர், மனநோயாளரைப் பரிசோதித்து, நோயை இனங்கண்டு, மருந்தெழுதி, அவரைத் தொடர்ந்து பராமரிக்கும் தகுதியை எவ்வாறு பெறலாம் என்ற கேள்விக்கு அமெரிக்க ஐக்கிய நாட்டில் திட்டமான விடை உண்டு. இங்கிலாந்தில் அரைவாசி விடை உண்டு. இலங்கையில் விடையே கிடையாது. ஆயினும் அந்தப் பணியின் பெரும்பகுதியை, உரிமமோ நிலையான பதவிப் பெயரோ இன்றி, வெளியாட்கள் செய்துகாட்டிய இடங்களைத் தேடினால் மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையையும் படுவான்கரையையும் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. கதவு திறந்திருக்கும் நாடுகளில் நடப்பதையும், கதவே இல்லாத இடத்தில் நடந்ததையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இந்த வாரத்தின் நோக்கம்.

முதலில் பதவியை விளக்க வேண்டும். 'நேர்ஸ் பிராக்டிஷனர்' என அழைக்கப்படுபவர், பதிவுபெற்ற தாதியாக இருந்து, அதற்கு மேல் முதுநிலைக் கல்வியும் தேசியத் தேர்வும் முடித்து, சட்டம் வகுத்த எல்லைக்குள் நோயை நிர்ணயிக்கவும் மருந்தெழுதவும் அதிகாரம் பெற்ற உயர்நிலைத் தாதி ஆவார். 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்ட் என்ற பொதுச் சுகாதாரத் தாதியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் தொடங்கிய பயிற்சியிலிருந்தே இந்தப் பதவி பிறந்தது. மருத்துவர் எட்டாத இடங்களில் வாழும் குழந்தைகளுக்கு, அங்கே ஏற்கெனவே நடமாடிக்கொண்டிருந்த தாதியின் கையிலேயே கூடுதல் அறிவையும் அதிகாரத்தையும் கொடுப்பது அதன் அடிப்படை எண்ணம். உளநலத் துறையில் இதே நிலையை அடைபவர், மூளையின் வேதியியலையும் மருந்தியலையும் உளச்சிகிச்சை முறைகளையும் கற்று, மேற்பார்வையின் கீழ் குறைந்தது 500 மணிநேரம் நோயாளருடன் பணியாற்றிய பின்னரே அங்குள்ள தேசியச் சான்றிதழ்த் தேர்வுக்கு அமர முடியும்.

தாதியம் படிக்காத பட்டதாரிக்கு அந்நாடு வைத்திருக்கும் வழி 'நேரடி நுழைவு' எனப்படுகிறது. யேல் பல்கலைக்கழகத்தின் தாதியர் கல்லூரி 1974இல் தொடங்கிய மூன்றாண்டுத் திட்டம் இவ்வகையின் நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்திலும் தாதியம் அல்லாத பட்டம் பெற்றவர்களுக்கான முதுநிலை நுழைவு நெடுங்காலமாக உண்டு. எந்தத் துறையில் பட்டம் பெற்றவராயினும், உடற்கூறு, உடற்றொழிலியல், நுண்ணுயிரியல், புள்ளியியல் போன்ற பாடங்களை முன்னதாக முடித்துவிட்டு வருபவர், முதற்கட்டத்தில் சாதாரணத் தாதிக்குரிய பயிற்சி முழுவதையும் நெருக்கிப் படித்து, தாதியர் உரிமத் தேர்வில் தேறி, பின்னர் தமக்குரிய சிறப்புத்துறைக்குள் நுழைகிறார். ஆகவே 'தாதியத்தைத் தாண்டிச் செல்லும் வழி' என்று இதை எண்ணுவது பிழை. இது தாதியத்துக்குள் விரைவாகச் செல்லும் வழியே அன்றி அதைச் சுற்றிப்போகும் வழி அன்று. விடுதியில் ஓர் இரவுகூடத் தனித்துக் கடமை பார்க்காத ஒருவர் மூன்றாம் ஆண்டின் முடிவில் மருந்தெழுதத் தொடங்குவதா என்று மூத்த தாதியர் பலர் அங்கே இன்றும் கேட்கின்றனர். அந்தக் கேள்வியைத் தொழிற்பொறாமை என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கான காரணம் பின்னர் வரும்.

இங்கிலாந்தின் ஏற்பாடு வேறு. அங்கே உளநலத் தாதியம் பொதுத் தாதியத்தின் மேல்மாடியாக வைக்கப்படவில்லை. தனி வாசல் கொண்ட தனித் துறையாகவே அது நிற்கிறது. பள்ளிப் படிப்பை முடித்தவர் மூன்றாண்டுப் பட்டத்தின் மூலமாகவும், வேறு துறையில் பட்டம் பெற்றவர் ஏறத்தாழ இரண்டாண்டு முதுநிலைப் படிப்பின் மூலமாகவும் நேரே உளநலத் தாதியாகப் பதிவுபெறலாம். பயிற்சிக்கு மொத்தம் 4,600 மணிநேரம் விதிக்கப்பட்டுள்ளது; அதில் பாதி நோயாளர் நடுவே கழிய வேண்டும். ஒருவர் முன்னரே பெற்ற கல்வியையும் அனுபவத்தையும் மதிப்பிட்டு, படிப்பின் பாதி வரை கழித்துக்கொடுக்கவும் விதிகள் இடமளிக்கின்றன. ஆனால் மருந்தெழுதும் அதிகாரம் இந்தப் பொதியில் அடங்காது. பதிவுபெற்றுக் குறைந்தது ஓராண்டு பணியாற்றிய பின்னரே அதற்குரிய தனிப் பயிற்சியில் சேரலாம்; அவ்வாறு தேறிய தாதியர் மருந்தேட்டின் ஏறத்தாழ முழுப் பரப்பிலிருந்தும் தாமாக மருந்தெழுதலாம் என்ற நிலை 2006 மே மாதத்திலிருந்தே அங்கு நடைமுறைக்கு வந்தது.

உளநலத் தாதியத்தின் வரலாற்றைப் புரட்டினால், 'வெளியாள்' என்ற சொல்லே ஆட்டங்காண்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரித்தானிய மனநோய் விடுதிகளில் நோயாளருடன் இரவும் பகலும் இருந்தவர்கள் தாதியர் அல்லர். வயலிலிருந்தும் படையிலிருந்தும் வீட்டு வேலையிலிருந்தும் வந்து கூலிக்குச் சேர்ந்த காவலாட்களே. அவர்களுக்கென ஒரு கைந்நூல் 1885இல் வெளியானது. 1890களின் தொடக்கத்தில் விடுதி மருத்துவர்களின் சங்கம் அவர்களுக்குத் தேர்வும் சான்றிதழும் வழங்கத் தொடங்கியது. 1919இல் பிரித்தானியாவில் தாதியர் பதிவுச் சட்டம் வந்தபோது, இவர்களின் வழிவந்த மனநோய்த் தாதியர் பதிவேட்டின் துணைப் பகுதியொன்றில் சேர்க்கப்பட்டனர். அதாவது மனநோய்த் தாதியம் என்ற தொழில் தாதியத்திலிருந்து கிளைத்ததன்று. வெளியே முளைத்துப் பின்னர் உள்ளே இழுத்துக்கொள்ளப்பட்டது. அதற்கு ஒரு கோட்பாட்டு முதுகெலும்பைக் கொடுத்தவர் ஹில்டெகார்ட் பெப்லாவ். தாதிக்கும் நோயாளிக்கும் இடையே வளரும் உறவே சிகிச்சையின் கருவி என்று அவர் 1952இல் வெளியிட்ட நூல் வாதிட்டது. பிற்காலத்தில் இலங்கையிலிருந்தும் மொரீஷியஸிலிருந்தும் பிரித்தானிய மனநோய் வைத்தியசாலைகளுக்குப் பயிற்சித் தாதியராகச் சென்ற இளைஞர்கள் பலரும் இந்தத் தனி வாசல் வழியாகவே சென்றனர்; ஊரில் தாதியத்தைத் தொழிலாக எண்ணிப் பார்த்தே இராதவர்களும் அவர்களுள் இருந்தனர்.

இலங்கையில் அதே பிரித்தானிய ஆட்சி விட்டுச்சென்றது கட்டடத்தையும் சட்டத்தையும்தான். 1873இன் பைத்தியக்காரர் கட்டளைச் சட்டம், பின்னாளில் பெயர் மாற்றமும் திருத்தங்களும் கண்டாலும், நோயாளரை அடைத்துவைக்கும் நடைமுறையைப் பற்றியே பெரிதும் பேசியது. 1926இல் அங்கொடையில் திறக்கப்பட்ட பெரிய வைத்தியசாலையே நாடு முழுவதன் மனநோயாளருக்கும் முடிவிடமாயிற்று. மட்டக்களப்பிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். போர்க்காலத்தில் அந்தப் பயணம் சோதனைச் சாவடிகளின் எண்ணிக்கையாலேயே அளக்கப்பட்டது. அடையாள அட்டையைத் தொலைத்த, கேட்ட கேள்விக்குத் தொடர்பின்றிப் பதில் சொல்லும் ஒரு தமிழ் இளைஞனை அந்தச் சாவடிகளூடாகக் கொண்டுசெல்வதென்பது நோயைவிட ஆபத்தான காரியம். சென்று சேர்ந்தாலும், அங்கே பெரும்பாலான ஊழியர்களின் மொழி நோயாளிக்கு விளங்காது. இதனால் பல குடும்பங்கள் நோயாளியை வீட்டிலேயே வைத்துக்கொண்டன. எவ்வாறு வைத்துக்கொண்டன என்பது இத்தொடரின் முந்தைய பகுதிகளில் விரிவாகவே வந்துவிட்டது.

2000களின் தொடக்கத்தில் மட்டக்களப்பு வைத்தியசாலையில் உளநல மருத்துவராகப் பணியாற்றிய மகேசன் கணேசன் எதிர்கொண்ட கணக்கு எளிமையானது, அதே அளவுக்குக் கொடியது. வாவியின் இருபுறமும் பரந்த மாவட்டம் முழுவதற்கும் நிபுணர் என்று சொல்ல அவரைத் தவிர வேறெவரும் இல்லை என்னும் நிலை. உளநலத்தில் பயிற்சி பெற்ற தாதியர் மிகக் குறைவு. இருந்தவர்களும் விடுதிக் கடமைப் பட்டியலோடு கட்டப்பட்டவர்கள். நோயாளரோ வாழைச்சேனையிலும் களுவாஞ்சிக்குடியிலும் கொக்கட்டிச்சோலைக்கு அப்பாலுள்ள வயற்கிராமங்களிலும் இருந்தனர். மண்முனையில் 2014இல் பாலம் திறக்கப்படும் வரை அவ்விடத்தில் வாவியைக் கடக்கப் 'பாதை' என்று ஊரவர் சொல்லும் மிதவைப் படகே கதி. அந்தப் பாலம் முடிந்த பின்னரும் குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே பாதை ஓடிக்கொண்டுதான் இருந்தது. வலையிறவிலும் பட்டிருப்பிலும் பாலம் இருந்தபோதும், 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தமையால், பாலத்தின் இரு முனைகளிலும் இரண்டு அரசுகள் நின்றன. மாதமொருமுறை ஊசி போட வேண்டிய நோயாளி அந்த மாதம் கிளினிக்குக்கு வராவிட்டால், அவர் நோய் முற்றி வரவில்லையா, பாதை ஓடவில்லையா, பிடித்துச்செல்லப்பட்டாரா என்று மருத்துவமனைக்குள் இருந்தபடி அறிய வழியில்லை. யாரோ ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும்.

அந்த 'யாரோ ஒருவர்' எனும் இடத்துக்கு வந்தவர்கள்தான் தாதியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்கள். உளசமூகப் பணியாளர், உளவளத்துணையாளர், சமூக ஆதரவு அலுவலர் என்று வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு பெயர்களில், பெரும்பாலும் தொண்டு நிறுவனங்களின் குறுகிய கால நிதியில், உள்ளூர் இளைஞர்களும் யுவதிகளும் சேர்க்கப்பட்டனர். உளவளத்துணை என்பது பேச்சின் மூலம் ஒருவரைத் தமது சிக்கலைத் தாமே தெளிவாகக் காணச்செய்யும் உதவி. உளசமூகப் பணி என்பது அதனோடு தொழில், வீடு, உறவு, ஆவணம், பாதுகாப்பு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கும் பணி. இந்த மண்ணில் இவற்றுக்கு ஏற்கெனவே ஒரு மரபு இருந்தது. இயேசுசபைக் குருவான போல் சற்குணநாயகம் மட்டக்களப்பில் உளவளத்துணை நிலையமொன்றை நடத்திப் பலரைப் பயிற்றுவித்தார். 1996இல் அவரும் கனடிய ஓவியரான போல் ஹோகனும் இணைந்து உருவாக்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா, தமிழ், முஸ்லிம் கிராமங்களின் குழந்தைகளை ஒரே முற்றத்தில் களிமண்ணோடும் நிறங்களோடும் கதைகளோடும் கூட்டிவைத்தது. ஓவியர், குருவானவர், நாடகக்காரர், பள்ளி ஆசிரியர்: இவர்களுள் தாதி எவருமில்லை என்பது கவனிக்கத்தக்கது.

2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடியையும் கல்முனைக் கரையையும் அழித்தபோது இந்த மரபு கடுமையான சோதனைக்கு உள்ளானது. சில வாரங்களுக்குள் உலகின் பல பாகங்களிலிருந்தும் 'ஆலோசகர்கள்' வந்திறங்கினர். மொழி தெரியாதவர்கள், இரண்டு வாரம் மட்டும் தங்குபவர்கள், வினாக்கொத்தோடு முகாமுக்குள் நுழைபவர்கள். இந்த வருகையைப் பின்னாளில் ஈதன் வாட்டர்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 2010இல் வெளியிட்ட நூலொன்றின் முழு அத்தியாயமாகவே எழுதினார். மட்டக்களப்பில் இதைச் சமாளிக்க உள்ளூர் அமைப்புகள் கூடி உருவாக்கிய ஒருங்கிணைப்பு வலையமைப்புக்கு 'மாங்குரோவ்' என்று பெயரிடப்பட்டது. வாவியோரக் கண்டற் காட்டின் பெயரைத் தாங்கிய அந்த அமைப்பு, யார் எந்த முகாமில் என்ன செய்கிறார் என்பதை ஒரே இடத்தில் தெரிந்துகொள்ள முயன்றது. அக்காலத்தில் மட்டக்களப்பில் பணியாற்றியவர்களுள் ஆனந்த கலப்பத்தியும் ஒருவர்; உளவியலும் மருத்துவ மானிடவியலும் படித்த, மருத்துவரோ தாதியோ அல்லாத அவருக்கு 2008இல் ரமோன் மக்சேசே விருது கிடைத்தது. ஆழிப்பேரலையின் அழுத்தத்தால் 2005இல் முதலாவது தேசிய உளநலக் கொள்கையும் உருவானது. உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட அறிக்கை, பேரலைக்கு முன் 10 சுகாதார மாவட்டங்களில் மட்டும் இருந்த உளநலச் சேவைக் கட்டமைப்பு அப்போது 27இல் 20 மாவட்டங்களுக்குப் பரவியிருந்ததாகக் கூறுகிறது. அந்தப் பரவலின் அடிமட்டத்தில் நின்றவர்கள் சில வாரப் பயிற்சியோடு களமிறங்கிய உள்ளூர்ப் பணியாளர்களே.

அவர்கள் கொண்டுவந்தது என்ன? முதலாவது, வீட்டு முற்றத்துக்குள் நுழையும் உரிமை. மருத்துவரைக் கண்டதும் எழுந்து நின்று 'ஒண்டுமில்ல டொக்டர்' என்று முடித்துவிடும் தாய், பக்கத்து ஊர்ப் பெண்ணொருத்தி வந்து திண்ணையில் உட்கார்ந்தால், 'மகள், இவன் ராவு முழுக்க வேலியடியில நிக்கான்' என்று தொடங்கி, எந்த ஆண்டு எந்தச் சுற்றிவளைப்பில் மூத்தவன் காணாமற்போனான் என்பது வரை சொல்லிவிடுவார். இரண்டாவது, நோயைப் பற்றிய உள்ளூர் விளக்கங்களைப் பகைக்காமல் கையாளும் திறன். வாவியின் இருகரைகளிலும் அம்மன் கோயில்களில் சடங்குக் காலத்தில் தெய்வமேறியவர்கள் வாக்குச் சொல்வதும், காணாமற்போன பிள்ளை உயிரோடிருக்கிறானா என்று தாய்மார் அவர்களிடம் கேட்பதும், போர்க்காலத்தில் துயரத்தைப் பொதுவெளியில் பேச முடிந்த மிகச் சில வழிகளுள் ஒன்றாக இருந்தன. பட்ரிசியா லோரன்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் இதை ஆழ்ந்து ஆராய்ந்துள்ளார். கோயிலுக்கும் கிளினிக்குக்கும் இடையே நடந்துபோகும் குடும்பத்தை 'மூடநம்பிக்கை' என்று கடிந்தால் அடுத்த மாதம் அது கோயிலுக்கு மட்டுமே போகும் என்பதை உள்ளூர்ப் பணியாளர் பாடநூலில்லாமலே அறிந்திருந்தார்.

ஆனால் இதே இடத்தில்தான் அவர்களது அறிவின் எல்லையும் தெரிகிறது. மனச்சிதைவு நோய், அதாவது இல்லாத குரல்கள் கேட்பதும் ஆதாரமற்ற ஐயங்கள் உறுதிப்படுவதுமாக நீளும் கடும் மனநோய் உள்ளவர்களுக்கு, ஃபுளுஃபெனசின் என்ற மருந்தைத் தசைக்குள் ஆழமாகச் செலுத்துவது வழக்கம். நல்லெண்ணெயில் கரைக்கப்பட்ட இந்த மருந்து தசையில் தங்கி வாரக்கணக்கில் சிறிது சிறிதாக இரத்தத்தில் கலப்பதால், தினமும் மாத்திரை விழுங்க மறுப்பவருக்கும் மாதமொருமுறை ஊசி போதுமாகிறது. வீட்டாரும் அதை 'மாத ஊசி' என்றே சொல்வர். பிட்டத்தின் மேல் வெளிப்புறக் காற்பகுதியில், நரம்பைத் தொடாமல், மெதுவாகச் செலுத்த வேண்டும். முதல் முறை சிறு அளவே கொடுத்து உடல் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஊசி போட்ட சில மணிநேரத்திலோ நாட்களிலோ இளைஞர் சிலருக்குக் கழுத்து ஒருபக்கமாக முறுக்கிக்கொள்ளும், கண்விழிகள் மேல்நோக்கிச் செருகிக்கொள்ளும், தாடை இறுகும். இது மருந்தின் பக்கவிளைவு. உரிய எதிர்மருந்து கொடுத்தால் விரைவில் தணிந்துவிடும். பார்ப்பவருக்கோ அது தெய்வமேறியது போலவே இருக்கும். சடங்கு நன்கறிந்த, மருந்தியல் அறியாத பணியாளர் அந்த வீட்டில் நின்றால், குடும்பம் அதைத் தெய்வச் செயலாகக் கொள்வதைத் தடுக்க அவரிடம் எதுவும் இல்லை. மருந்தியல் அறிந்த, சடங்கு அறியாத தாதி நின்றால், ஊசியே பிள்ளைக்குப் பேயை ஏற்றியது என்று நம்பிய அந்தக் குடும்பம் ஏன் அதன் பின் கதவைத் திறக்கவில்லை என்பது அவருக்கு விளங்காது. இரண்டையும் ஒரே தலையில் கொண்ட ஒருவரே அங்கு தேவைப்படுகிறார்.

லிதியத்தின் கதை இன்னும் நுட்பமானது. பெருங்களிப்பும் கடும் சோர்வும் மாறிமாறி வரும் இருதுருவ மனநிலைக் கோளாற்றுக்கு அது கொடுக்கப்படுகிறது. பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே இடைவெளி மிகக் குறுகியது. இரத்தத்தில் ஒரு லீற்றருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருப்பது நலம், 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. உடலில் நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லிதியத்தை வெளியேற்றாமல் தேக்கிக்கொள்ளும். ஆகஸ்ட் மாதக் கச்சான் காற்றில் படுவான்கரை வயலில் நாள் முழுதும் வேர்வை சிந்துபவர், வயிற்றோட்டம் கண்டவர், மூட்டுவலிக்குக் கடையில் தாமாக வாங்கிய சிலவகை வலிமாத்திரைகளை விழுங்குபவர் ஆகிய எல்லோருக்கும் முன்பிருந்த அதே மாத்திரை அளவே மிகையாகிவிடலாம். கை நடுக்கம் கூடுவதும் நடை தள்ளாடுவதும் நாக்குக் குழறுவதும் முதல் அறிகுறிகள். தெரியாதவர் அவரைக் குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று எண்ணித் திருப்பி அனுப்பிவிடுவார். உளவளத்துணையில் எத்தனை ஆண்டு ஊறியவராயினும், சிறுநீரகம் என்ன செய்கிறது என்று படிக்காதவர் இந்த நடுக்கத்தைக் காணமாட்டார். நேரடி நுழைவுத் திட்டங்கள் வெளியாளை முதலில் உடற்கூற்று வகுப்புக்கும் பொது விடுதிக்கும் அனுப்புவது இதற்காகவே. மூத்த தாதியரின் ஐயத்துக்கும் இதுவே நியாயம். உளநலப் பணியை 'வெறும் பேச்சு' என்று கருதிக்கொண்டு அதற்குள் வர விரும்பும் கலைப் பட்டதாரிகளுக்கு இந்த ஒரு மருந்தின் கதையே போதிய எச்சரிக்கை.

பயிற்சி குறைந்த பணியாளரின் உதவி எந்த அளவுக்குச் செல்லும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஓர் அளவீடும் உண்டு. சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பு பங்கேற்று, காஞ்சிபுரத்தோடு கோவாவிலும் சதாராவிலும் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2014இல் 'லான்செட்' இதழில் வெளியானது. மனச்சிதைவு நோய் கொண்ட 282 பேரை இரு குழுக்களாக்கி, ஒரு குழுவுக்கு வழமையான வைத்தியசாலைச் சிகிச்சையும், மற்றதற்கு அதனோடு சமூகப் பணியாளரின் வீட்டு வருகைகளும் கொடுத்தபோது, இரண்டாவது குழுவினரின் நோயறிகுறிகளும் அன்றாட இயலாமையும் ஓரளவு கூடுதலாகக் குறைந்தன. 'ஓரளவு' என்பதே இங்கு முக்கியம். பணியாளர் மருத்துவருக்குப் பதிலாக அன்று, மருத்துவரோடு சேர்ந்தே பயன்பட்டார்.

இனி இலங்கையின் கதவுக்கு வரலாம். மருத்துவரல்லாத ஒருவர் மருந்தெழுதுவது இந்நாட்டுக்குப் புதிதன்று. 'அப்போதிக்கரி' என்று ஊரவர் அழைத்த உதவி வைத்திய அதிகாரிகள், மருத்துவப் பட்டம் இன்றிச் சில ஆண்டுப் பயிற்சியோடு, பல தலைமுறைகளாகக் கிராம வைத்தியசாலைகளைத் தாங்கிநின்றனர். கிழக்கின் உள்ளூர்களில் மூத்த தலைமுறைக்கு வைத்தியர் என்றாலே அவர்தான். பின்னர் அந்தப் பயிற்சி நிறுத்தப்பட்டது. உளநலத் துறையில் ஆள் போதாமைக்கு அரசு கண்ட வழி, மருத்துவப் பட்டதாரிகளுக்கே மூன்று மாத உளநலப் பயிற்சி கொடுத்து அவர்களை உளநல மருத்துவ உத்தியோகத்தராக மாவட்டங்களுக்கு அனுப்புவதாயிற்று. அந்த வழி பயன் தந்தது என்பதில் ஐயமில்லை. எனினும் அது ஏணியின் உச்சியிலிருந்து ஓர் ஆளை ஒரு படி பக்கவாட்டில் நகர்த்தியது. அடியில் நின்றவர்களுக்கு ஏறப் படி வைக்கவில்லை. சமூக உளநலத் தாதி என்ற பதவி கொள்கையில் எழுதப்பட்டிருந்தாலும், அவர் வீடு சென்று கண்காணிக்கலாம், ஊசி போடலாம், மருந்தை மாற்ற முடியாது.

வெளியிலிருந்து தாதியத்துக்குள் வரும் வாசலோ இன்னும் ஒடுக்கமானது. அரச தாதியர் பயிற்சிப் பள்ளிகளுக்கான அண்மைக்கால ஆட்சேர்ப்பு, உயர்தரத்தில் விஞ்ஞான, கணிதப் பிரிவுகளில் சித்தியடைந்தவர்களையே கேட்கிறது, வயதெல்லையும் உண்டு. வந்தாறுமூலையை மையமாகக் கொண்ட கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடம் தாதியத்தில் பட்டம் வழங்குகிறது என்றாலும், அதற்கும் உயிரியல் பிரிவின் வழியே வர வேண்டும். போரின் நடுவே பள்ளி கலைந்தும் கூடியும் நடந்த படுவான்கரை மகா வித்தியாலயங்களில் இரசாயன ஆய்வுகூடமே இல்லாதிருந்த காலத்தில் கலைப்பிரிவில் படித்து, பின்னர் ஆண்டுக்கணக்காக மனநோயாளர் வீடுகளுக்குச் சைக்கிளில் சென்றுவந்த ஒரு பெண்ணுக்கு இந்த இரண்டு வாசல்களிலும் இடமில்லை. அவர் செய்த வேலை எந்தப் பதிவேட்டிலும் ஒரு மணிநேரமாகக்கூட எண்ணப்படுவதில்லை. அதே பெண் இலண்டனுக்குப் புலம்பெயர்ந்து, ஒரு பட்டத்தையும் ஆங்கிலத் தேர்ச்சியையும் காட்டினால், அந்த அனுபவத்தைப் படிப்பின் ஒரு பகுதிக்கு ஈடாகக் கொள்ளும்படி பல்கலைக்கழகத்திடம் விண்ணப்பிக்கலாம். நாட்டுக்குச் செலவு வைத்து உருவான திறமை ஏற்றுமதியாகிறது என்ற வழக்கமான புலம்பலைவிட இது கசப்பானது. உள்நாட்டில் திறமையாகவே எண்ணப்படாத ஒன்று எல்லையைத் தாண்டியதும் திறமையாகிறது.

இதற்குப் பரிகாரமாக அமெரிக்க மாதிரியை அப்படியே இறக்கிவைக்கச் சொல்வோர் உண்டு. அது நடைமுறைக்கு ஒவ்வாது. மருந்தெழுதும் உரிமையைத் தாதியருக்கு விரிப்பதற்கு மருத்துவச் சட்டத்திலேயே திருத்தம் வேண்டும். மருத்துவர் சங்கங்கள் அதை எதிர்க்கும், தாதியர் சங்கங்களும் தமது சொந்தப் பதவியுயர்வுப் பட்டியல் தேங்கிக்கிடக்கையில் வெளியாளுக்கு வழிவிடுவதை விரும்பா. அடுத்த தசாப்தத்தில் நடக்கக்கூடியது இதைவிடச் சிறியது. குறிப்பிட்ட ஆண்டுகள் மேற்பார்வையின் கீழ் பணியாற்றிய உளசமூகப் பணியாளருக்கு, உயர்தரப் பிரிவு எதுவாயினும், விஞ்ஞான அடிப்படைப் பாடங்களை ஓராண்டில் முடித்துத் தாதியப் பட்டத்துக்குள் நுழைய ஒரு பக்கவாசலைக் கிழக்குப் பல்கலைக்கழகம் திறக்கலாம். வைத்தியசாலை, பீடம், ஏற்கெனவே பயிற்றப்பட்ட பணியாளர் ஆகிய மூன்றும் ஒரே மாவட்டத்தில் இருக்கும் வசதி இலங்கையில் எல்லா இடத்திலும் வாய்ப்பதன்று. அவ்வாறு வருபவர்கள் ஆண்டுக்கு ஐந்து பேராக இருந்தாலும், திகிலிவெட்டைக்கும் மண்டூருக்கும் பாதையில் கடந்து சென்று, மாத ஊசியைத் தாமே போட்டு, கழுத்து முறுக்கினால் எதிர்மருந்தையும் தாமே கொடுத்து, அன்று மாலையே சடங்கு வீட்டிலும் உட்கார்ந்து பேசக்கூடிய தாதியர் ஐவர் ஆண்டுதோறும் கூடுவர். மருந்தின் அளவை மாற்ற அவர்கள் தொலைபேசியில் மருத்துவரைக் கேட்கத்தான் வேண்டும். படுவான்கரையில் அதற்குச் சமிக்ஞை கிடைக்கும் இடங்கள் எவை என்பதை அவர்களே அறிவார்கள்.

அப்போதிக்கரிகளின் பயிற்சி எவ்வாறு தொடங்கியது, அதை நிறுத்தும்படி கேட்டவர்கள் முன்வைத்த நியாயங்களில் எவை இன்றும் நிற்கின்றன என்பது அடுத்த இதழில்.

(தொடரும்)